முதல் மிடறுக்கு முன்

டெக்சஸ் மாநிலத்து பார்களின் வாசலில் ஒரு பலகை இருக்கும். அதில் "51" என்ற எண் அழுத்தமான சிவப்பில் தெரியும். அந்த எண்ணின் உயரம் ஐந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மற்ற எழுத்துகள் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, செய்தி ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்க வேண்டும் என்று சட்டமே அளவு சொல்லிவைத்திருக்கிறது. தன் வருமானத்தில் 51 விழுக்காடு அல்லது அதற்கு மேல், அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மதுவிலிருந்து ஈட்டுகிற கடைக்குள் கைத்துப்பாக்கியோடு நுழையக் கூடாது என்பதுதான் அதன் பொருள். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும் விலக்கு இல்லை.

சாலையைக் கடந்து எதிரே இருக்கும் மெக்சிகன் உணவகத்துக்குப் போனால் நிலைமை வேறு. அங்கேயும் பீரும் மார்கரீட்டாவும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கல்லாவில் விழும் பணத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு வருவது. ஆகவே லைசென்ஸ்காரர் இடுப்பில் துப்பாக்கியோடு உள்ளே போகலாம், உட்காரலாம், குடிக்கவும் செய்யலாம். போதை ஏறாத வரைக்கும் குற்றமில்லை. ஆள் அவரேதான், துப்பாக்கியும் அதேதான், கோப்பையில் ஊற்றுவதும் அதே சரக்குதான். கடையின் வரவுசெலவுக் கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. சட்டத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியே தெரிவதை வைத்துத்தான் சட்டம் கோடு போட முடியும். கடையின் கணக்கைப் பார்க்கலாம், இரத்தத்தில் கலந்த ஆல்கஹாலை அளக்கலாம். கோப்பையைக் கையில் எடுப்பவன் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க சட்டத்துக்கு வழி கிடையாது. அந்த இடத்தில் பொறுப்பு முழுக்க அவனுடையது. நான் எழுத வந்தது அந்தப் பொறுப்பைப் பற்றித்தான். இந்த மாநிலத்தில் வாழும் தமிழர்களில் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தவர்கள் இன்று எத்தனையோ பேர். அவர்களையும் நினைத்தே எழுதுகிறேன்.

மாநிலத்துக்கு மாநிலம் கோடு இடம் மாறுகிறது. வட கரோலினாவில் மறைத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர் குடிக்கவே கூடாது. முன்பு குடித்ததன் மிச்சம் உடம்பில் இருந்தாலும் தவறு. மிச்சிகனில் இரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.02-ஐத் தொட்டாலே அபராதம் உண்டு, லைசென்ஸுக்கும் ஆபத்து. 0.08 ஆகிவிட்டால் சிறைவாசல் வரைக்கும் போகலாம். 0.10 ஆனால் லைசென்ஸ் நிரந்தரமாகப் போய்விடும். அங்கே லைசென்ஸ் வாங்கியவர் மூச்சுப் பரிசோதனைக்கு முன்கூட்டியே சம்மதம் கொடுத்தவராகத்தான் கருதப்படுவார். அரிசோனா 2009-இலும் ஒஹையோ 2011-இலும் லைசென்ஸ்காரர்களை பாருக்குள் துப்பாக்கியோடு அனுமதித்தன; ஆனால் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. டெக்சஸில் போதையோடு கைத்துப்பாக்கியைச் சுமப்பதுதான் குற்றம். ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும் கிடைக்கலாம். போதை என்றால் எவ்வளவு என்று அந்தப் பிரிவில் எண் ஏதும் இல்லை. வண்டி ஓட்டுவதற்கு வைத்த 0.08-ஐ மனத்தில் கொண்டுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள்.

இந்தக் கணக்குக்குத்தான் நான் பெரிதும் அஞ்சுகிறேன். 0.08 என்றால் நூறு மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். இந்தியாவில் வாகன ஓட்டிக்கு வைத்த வரம்பு 30 மில்லிகிராம். சென்னையில் போக்குவரத்துக் காவலர் ஊதச் சொல்லி வண்டியைப் பறிமுதல் செய்யும் நிலையில் இருப்பவர், ஹூஸ்டனில் 0.08-க்கு வெகு கீழே, துப்பாக்கியோடு மேசையில் உட்கார்ந்திருக்க முடியும். அப்போது அவருடைய மூளை தெளிவாகவா இருக்கும்? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை வெளியிட்டுள்ள விவரப்படி 0.02-இலேயே மதிப்பிடும் திறன் குறையத் தொடங்குகிறது. 0.05-இல் எச்சரிக்கை உணர்வு மங்கி, நடத்தையில் கட்டுப்பாடு தளர்கிறது. கால் தடுமாறுவதும் நாக்கு குழறுவதும் பின்னால் வருபவை. முதலில் போவது நிதானம். அதுவும் எப்படிப் போகிறதென்றால், போய்விட்டது என்று போனவனுக்கே தெரியாதபடி போகிறது. 'எனக்கு ஒன்றும் ஏறவில்லை' என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லாமல் இருக்கலாம். ஏறியதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டிய புத்திதான் ஏறிய புத்தி. அதனால் 'இரண்டு பெக் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்' என்ற முடிவுக்கு மதிப்பே இல்லை. பிறகு பார்க்கப்போகிறவர் இப்போது பேசுகிற இவர் இல்லை.

2009-இல் ஒரு சிறு பரிசோதனையின் முடிவுகள் மருத்துவ இதழொன்றில் வந்தன. திரையில் காட்சி ஓடும், அதற்கேற்பச் சுட வேண்டும். காவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்களே, அந்த மாதிரி. சிலருக்கு மது கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. குடித்தவர்கள் குறி தவறினார்கள் என்பதில் வியப்பில்லை. சட்டென்று சுட வேண்டிய காட்சிகளில் அவர்கள் தாமதித்தார்கள். யோசித்துச் சுட வேண்டிய காட்சிகளில், சுடலாமா கூடாதா என்று நிதானிக்க வேண்டிய இடத்தில், மற்றவர்களைவிட விரைந்து சுட்டார்கள். கலந்துகொண்டவர்கள் மிகச் சிலரே என்பதால் பெரிய முடிவுகளை அதன் தலையில் ஏற்றக் கூடாது. ஆனாலும் அதில் வெளிப்பட்டது வாழ்க்கையில் நாம் பார்த்த குடிகாரனின் உருவமேதான். வேகம் வேண்டிய இடத்தில் மந்தம், பொறுமை வேண்டிய இடத்தில் அவசரம். துப்பாக்கி இருக்கும் கையில் இந்த இரண்டில் எது வந்தாலும் ஓர் உயிர் போகும்.

டெக்சஸில் லைசென்ஸ் எடுக்க நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு உண்டு. பிறகு சுடுதளத்தில் மூன்று, ஏழு, பதினைந்து கஜ தூரங்களில் 50 குண்டுகள் சுட்டுக் காட்ட வேண்டும். 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. இந்த மதிப்பெண் எடுப்பது கடினமில்லை. நான் இருந்த வகுப்பில் பயிற்சியாளர் பெரும்பாலான நேரத்தைச் சுடுவதைப் பற்றிப் பேசிச் செலவிடவில்லை. சண்டையிலிருந்து விலகுவது எப்படி என்று பேசினார். பாடத்திட்டத்தில் அது கட்டாயப் பகுதி. வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னால் காதில் வாங்காமல் போக வேண்டும், தப்பு அவனுடையதாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், முந்திப் போகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்றார். இடுப்பில் துப்பாக்கி ஏறிய நாளிலிருந்து கோபப்படும் உரிமை போய்விட்டது என்பது அவர் சொன்னதன் சாரம். பிறகு ஒரு ஜிப்சம் பலகையைத் தூக்கிக் காட்டினார். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் அதனால் ஆனது. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா இப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்கும் அதற்கடுத்த அறைக்கும் போகும் என்றார். வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

துப்பாக்கி பிடிப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நான்கு விதிகள் உண்டு. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. சுட முடிவு செய்யும் வரை விசையில் விரலை வைக்காதே. குறி எது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதிசெய்துகொள். இந்த நான்கையும் ஊன்றிப் படித்தால், எதுவும் உடல் பலத்தைக் கேட்கவில்லை என்பது தெரியும். நான்கும் கேட்பது விழிப்பை. துப்பாக்கியின் பாதுகாப்பு உலோகத்தில் இருப்பதைவிட அதை வைத்திருப்பவனின் விழிப்பில்தான் மிகுதியும் இருக்கிறது. மது முதலில் கைவைப்பதும் அதில்தான்.

துப்பாக்கி சுமப்பவர்களின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1991 அக்டோபர் 16 அன்று டெக்சஸின் கில்லீன் நகரத்தில் ஓர் உணவகத்துக்குள் வண்டியை மோதி நுழைந்த ஒருவன் 23 பேரைக் கொன்றான். அங்கே பெற்றோரோடு சாப்பிட வந்திருந்த சுசானா ஹப் தன் கைத்துப்பாக்கியை காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அன்றைய சட்டம் அதைக் கொண்டுவர அனுமதிக்கவில்லை. தாயும் தகப்பனும் அன்றைக்கே இறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் பல இடங்களில் சாட்சி சொன்னார், சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995-இல் டெக்சஸ் லைசென்ஸ் சட்டம் இயற்றியதற்குப் பின்னால் அந்த நாளின் துயரம் உண்டு. இப்படிப்பட்ட காரணத்துக்காகத் துப்பாக்கி எடுப்பவரை நான் எள்ளளவும் இகழ மாட்டேன். ஆனால் அந்தக் காரணத்தை அவர் உண்மையாக நம்பினால் ஒன்று கேட்பேன். எந்த நேரமும் ஆபத்து வரலாம் என்று நம்பித்தானே துப்பாக்கியைச் சுமக்கிறீர்கள்? அப்படியானால் ஆபத்து வரக்கூடிய நேரத்தில் மங்கிய புத்தியோடு இருக்க எப்படிச் சம்மதிக்கிறீர்கள்? இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தவில்லை.

2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் 21 வயதான, சட்டத்தடை ஏதும் இல்லாத ஒருவர் லைசென்ஸே இல்லாமல் கைத்துப்பாக்கி சுமக்கலாம். வகுப்பு கட்டாயமில்லை. மேலே நான் சொன்ன பயிற்சியாளரின் பேச்சைக் காதால் கேட்காதவர்களும் இன்று சாலையில் துப்பாக்கியோடு போகிறார்கள். லைசென்ஸ் எடுத்தவர்களின் நடத்தைதான் அவர்களுக்கு வாய்த்த பாடம். எடுத்தவர்களின் சுமை இதனால் கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

மேற்கத்திய கௌபாய் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சாராயக்கடையும் துப்பாக்கியும் சேர்ந்திருந்ததே அந்தக் காலத்து அமெரிக்கா என்று ஒரு நினைப்பு. உண்மை வேறு. 1650-களிலேயே வர்ஜீனியா குடியேற்றத்தில் குடிக் கூட்டங்களில் துப்பாக்கி சுடுவதைத் தடைசெய்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு. 1867-இல் கான்சஸ் மாநிலம் போதையில் இருப்பவர் ஆயுதம் சுமப்பதைக் குற்றமாக்கியது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் 1881 ஏப்ரலில் நகரமன்றம் ஊருக்குள் ஆயுதம் சுமக்கவே தடை போட்டது. வெளியூரிலிருந்து வருபவர் குதிரை லாயத்திலோ மதுக்கடையிலோ ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் அங்கே நடந்ததைப் பெரிய வீரக் கதையாகப் படம் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் குடியின் பங்கைப் பலரும் கவனிப்பதில்லை. அக்டோபர் 25 அன்று ஐக் கிளான்டன் என்ற மாட்டுக்காரர் ஊருக்குள் வந்தார். ஆயுதத்தை முறைப்படி ஒப்படைத்தார். வாய்த்தகராறு ஒன்று நடந்தது. பிறகு விடியும் வரைக்கும் சீட்டாட்டமும் குடியும். அந்த மேசையில் ஊர்க் காவல் தலைவர் வெர்ஜில் ஏர்ப்பும் உட்கார்ந்து ஆடினார். காலையில் கிளான்டன் தூங்கப் போகவில்லை. போதை தெளியாமலே தன் ஆயுதங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஏர்ப் சகோதரர்களைத் தொலைத்துவிடுவதாகத் தெருத் தெருவாகச் சொல்லித் திரிந்தார். நண்பகல் வாக்கில் வெர்ஜில் அவரைப் பின்னாலிருந்து அடித்து வீழ்த்தி, ஆயுதத்தைப் பிடுங்கி, நீதிபதி முன் நிறுத்தினார். 25 டாலர் அபராதம். ஆனால் காலையில் சொன்ன சொற்கள் ஊர் முழுக்கப் பரவியிருந்தன, இரு தரப்பும் கூட்டம் சேர்த்துவிட்டன. பிற்பகலில் ஓ.கே. கொரல் என்ற லாயத்தின் பக்கத்துச் சந்தில் சுமார் அரை நிமிடத்தில் முப்பது குண்டுகள் பாய்ந்தன. கிளான்டனின் தம்பி பில்லியும் அவர்கள் தரப்பில் நின்ற மெக்லாரி சகோதரர் இருவரும் செத்தார்கள். ஆயுதமில்லாமல் நின்ற கிளான்டன் ஓடித் தப்பினார். தம்பியைக் கொன்றது எதிரியின் தோட்டா என்று வரலாறு எழுதலாம். அந்தத் தோட்டாவுக்கு வழி திறந்துவிட்டது முந்தின இரவின் புட்டி என்று நான் எழுதுவேன்.

இன்றைய நீதிமன்றங்கள் அந்தப் பழைய சட்டங்களைத் தேடித் தேடிப் படிக்கின்றன. 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கொன்றில், ஆயுதக் கட்டுப்பாடு எதுவும் நாட்டின் வரலாற்று மரபுக்கு ஒத்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. டெக்சஸை உள்ளடக்கிய ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் இந்த அளவுகோலைப் பிடித்து, இப்போது போதையில் இருப்பவனின் கையிலிருந்து துப்பாக்கியை விலக்க மரபில் இடம் உண்டு, எப்போதோ போதைப்பொருள் பயன்படுத்தினான் என்பதற்காகத் தெளிந்திருக்கும்போது பறிக்க இடமில்லை என்ற கருத்தில் தீர்ப்பு வழங்கியது. ஆக, கடைசிப் பொறுப்பு அந்த நேரத்துத் தெளிவின் மேல்தான் வந்து விழுகிறது.

மத்தியச் சட்டத்திலும் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் போதைப்பொருளுக்கு அடிமையானவர்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கிறது. ஆனால் போதைப்பொருள் பட்டியலை வரையறுக்கும் சட்டம் சாராயம், ஒயின், பீர் ஆகியவற்றைப் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் படிவம் கஞ்சா பிடிப்பீர்களா என்று கேட்கும். குடிப்பீர்களா என்று கேட்காது. டெக்சஸ் லைசென்ஸ் விஷயத்தில் ஓரளவு பார்க்கிறது: பத்தாண்டுகளுக்குள் குடி அல்லது போதை சம்பந்தமான குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனை பெற்றவருக்கு லைசென்ஸ் இல்லை. அந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. கலிபோர்னியாவில் சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முன்பே குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவர்கள் பிற்பாடு வன்முறைக் குற்றத்துக்குக் கைதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. படிவம் கேட்காத கேள்வியை வாங்குகிறவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடியும் துப்பாக்கியும் சேரக் கூடாது என்பது காவலர்களுக்கும் பொருந்தும். 2004-இல் வந்த மத்தியச் சட்டம் பணியில் உள்ள, ஓய்வுபெற்ற காவலர்கள் நாடு முழுக்கத் துப்பாக்கியை மறைத்துச் சுமக்கலாம் என்றது. மதுவின் பிடியில் இருக்கும்போது மட்டும் அந்த உரிமை செல்லாது. 2006 நவம்பரில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், அன்றைக்கே கல்யாணமாக வேண்டிய ஷான் பெல் என்ற நிராயுதபாணி இளைஞர் காவலர்கள் சுட்ட 50 குண்டுகளுக்கு இலக்காகி இறந்தார். மாறுவேடத்தில் விடுதிக்குள் போகும் காவலர்கள் சந்தேகம் வராமலிருக்க ஓரிரண்டு கோப்பை குடிக்கலாம் என்பது அன்றைய வழக்கம். அந்தச் சாவுக்குப் பிறகு, ஒரு காவலர் சுட்டு யாராவது காயமடைந்தாலோ இறந்தாலோ அந்தக் காவலருக்கு மூச்சுப் பரிசோதனை கட்டாயம் என்று நகரக் காவல்துறை விதி வகுத்தது.

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை. அரசும் அமைச்சும் அரணும் படையும் பேசும் பொருட்பாலில் வைத்தார். ஏன் அப்படி என்று உரைகாரர்கள் பலவிதமாகச் சொல்லலாம். பிறர் உயிரைத் தொடும் வல்லமை கையில் இருப்பவனுக்குக் குடி தன் சொந்த விஷயமாக இருக்க முடியாது என்றே எனக்குப் படுகிறது. அன்று அந்த வல்லமை அரசனிடமும் அவன் படையிடமும் இருந்தது. டெக்சஸில் இன்று அது பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவரின் சட்டைக்கு அடியில் இருக்கிறது.

சட்டம் எங்கே முடிகிறதென்று இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். போதையில் துப்பாக்கி சுமப்பதைத் தடுக்கும் டெக்சஸ் பிரிவு, சொந்த வீட்டுக்கும் சொந்த நிலத்துக்கும், உரிமையாளர் சம்மதித்த தனியார் இடத்துக்கும் பொருந்தாது. நம்மவர்கள் எங்கே குடிக்கிறார்கள்? பாரில் கொஞ்சம். சனிக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில், கிரில் அடுப்பில் கோழி வெந்துகொண்டிருக்க, ஐஸ் பெட்டியைச் சுற்றித்தான் பெரும்பாலும். பெண்கள் உள்ளே, பிள்ளைகள் மாடியில், ஆண்கள் நாற்காலி வட்டம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அரசியல் வரும், பழைய கடன் வரும், ஊரில் நடந்த நிலத்தகராறு வரும். சட்டம் விலகி நிற்கும் இடமும் நாம் புட்டியின் மூடியைத் திறக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

அப்படி ஒரு வீட்டில் நான் கண்டது மனத்தில் நிற்கிறது. வயதில் மூத்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரத் தம்பி கோப்பையை நீட்டினார்: "அண்ணா, ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன்."

"இல்ல தம்பி. நேரா ரேஞ்சுல இருந்து வர்றேன். இடுப்புல இருக்கு. மோர் இருந்தா குடு."

"என்னண்ணா, வீட்டுக்குள்ளதானே இருக்கோம். வண்டியில வச்சுட்டு வந்துடுங்களேன்."

"வண்டியில வச்சா எவனாவது கண்ணாடிய உடைச்சு எடுத்துட்டுப் போவான். அது எவன் கையில போய் யாரைச் சுடுமோ. மோரே போதும்ப்பா."

பேச்சு அத்தோடு முடிந்தது. அவர் கடைசி வரைக்கும் மோர்தான் குடித்தார், எல்லோரையும் போலச் சிரித்துப் பேசினார், இரவு இரண்டு பேரைத் தன் காரில் ஏற்றி வீடு சேர்த்தார். கார்ச் சாவி யாரிடமோ அவரிடமே துப்பாக்கியும் இருப்பதுதான் முறை என்று அன்று முதல் சொல்லி வருகிறேன். தெளிவாக இருக்க வேண்டியவர் ஒருவர் எப்படியும் வேண்டும். அந்த இரண்டு வேலையையும் அவரே பார்க்கலாம்.

வண்டியில் வைப்பது பற்றி அவர் சொன்னதும் முழு உண்மை. இந்த நாட்டில் களவு போகும் துப்பாக்கிகளில் பெரும் பங்கு நிறுத்திவைத்த வண்டிகளிலிருந்து போகிறது. அது மட்டுமில்லை, இருட்டில், வண்டி இருக்கையில் குனிந்தபடி, ஹோல்ஸ்டரிலிருந்து எடுப்பதும் திரும்பச் சொருகுவதும்தான் தவறுதலாக வெடிக்க வாய்ப்பான நேரம். குடித்துவிட்டுத் திரும்பி வந்து அதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். குடிக்கப் போகிற மாலை என்றால் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டும். செருப்பை மாட்டும் முன்பே அந்த முடிவு எடுத்தாயிருக்க வேண்டும். போன இடத்தில் எதிர்பாராமல் கோப்பை நீட்டப்பட்டால், மோர் கேட்கலாம்.

மறுநாள் காலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உடல் ஆல்கஹாலைக் கழிப்பது மணிக்கு ஏறத்தாழ 0.015 என்ற வேகத்தில். காபியோ குளியலோ அந்த வேகத்தைக் கூட்டாது. நள்ளிரவில் 0.12-இல் படுத்தவர் உடம்பில் காலை ஆறு மணிக்கும் 0.03 இருக்கும். அமெரிக்க விமானிக்கு விதி, குடித்து எட்டு மணி நேரம் கடந்திருக்க வேண்டும், அளவும் 0.04-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. பல விமான நிறுவனங்கள் அதற்கும் கூடுதலாகக் கேட்கின்றன. எட்டு மணி நேரம் தூங்கிவிட்டேன் என்பது மட்டும் துப்பாக்கியை இடுப்பில் சொருகப் போதுமான காரணம் ஆகாது.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே போவது பற்றி. இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். ஹூஸ்டனில் 1990-களில் உயிரை மாய்க்க முயன்று பிழைத்த இளம் வயதினரிடம் விசாரித்த ஆய்வில், நால்வரில் ஒருவர் முடிவெடுத்ததற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார். அந்த ஐந்து நிமிடம் கடந்துவிட்டால் பலர் வாழ்கிறார்கள். துப்பாக்கி அருகில் இருந்தால் கடக்க விடுவதில்லை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பிழைப்பவர் பத்தில் ஒருவர்தான். குடி அந்த ஐந்து நிமிடத்தையும் சுருக்குகிறது. துக்கத்தைப் பெரிதாக்கி, நாளை என்ற நினைப்பைச் சின்னதாக்கிவிடுகிறது. வேலை போனவர், விசா முடியப்போகிறவர், மணமுறிவில் தனித்து இருப்பவர் நம் சமூகத்தில் குறைவில்லை. அவர்கள் மாலையில் தனியாகக் குடிப்பதும் அரிதில்லை. அந்த வீட்டுக்குள் சட்டம் நுழையாது. நண்பன்தான் நுழைய முடியும்.

நியூ ஹாம்ப்ஷயரில் 2009-இல் ஒரே கடையில் வாங்கிய துப்பாக்கிகளால் ஒரு வாரத்துக்குள் மூன்று பேர் தம் உயிரைப் போக்கிக்கொண்டார்கள். அந்தக் கடைக்காரர் கலங்கிப்போனார். அதிலிருந்து துப்பாக்கி விற்பவர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் கைகோத்து ஒரு முயற்சி பிறந்தது. துப்பாக்கிப் பாதுகாப்பின் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: வீட்டில் யாராவது மனமுடைந்திருந்தால், கொஞ்ச காலம் துப்பாக்கியை வெளியே நம்பிக்கையான இடத்தில் வை. துப்பாக்கியை எதிர்ப்பவர்கள் மேலே இருந்து இட்ட விதியாக இல்லாமல், விற்பவர்களே சொன்னதால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குச் செவிசாய்த்தார்கள். கொலராடோவில் இப்படித் தற்காலிகமாக வாங்கிவைத்துக்கொள்ளும் கடைகளையும் காவல் நிலையங்களையும் காட்டும் வரைபடமே இருக்கிறது.

லைசென்ஸ் வைத்திருக்கும் தமிழ் நண்பர்களிடம் நான் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கும் இந்த நாளில், உங்கள் வட்டத்தில் ஒருவரோடு பேசிவையுங்கள். 'நான் தொடர்ந்து குடிக்க ஆரம்பித்தாலோ, பேச்சு கொடுக்காமல் ஒதுங்கினாலோ வந்து கேள், கொடுத்துவிடுகிறேன். உனக்கும் நான் அப்படியே செய்வேன்.' பெட்டகத்தின் எண்ணை மாற்றும் பொறுப்பை மனைவியிடமோ கணவனிடமோ கொடுக்கலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். டெக்சஸில் நண்பரிடம் சில வாரங்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவைக்க அரசாங்கப் படிவம் எதுவும் தேவையில்லை. அவர் வைத்திருக்கச் சட்டத்தடை இல்லாதவராக இருந்தால் போதும். நிலைமை கைமீறுவதாகத் தோன்றினால் 988 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், இந்தியாவில் இருப்பவர்கள் 14416-ஐ அழைக்கலாம். கேட்கப் போகும்போது தனியாகப் போங்கள், அவர் குடிக்காத வேளையாகப் பார்த்துப் போங்கள், பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். எப்போது திருப்பித் தருவீர்கள் என்பதையும் அங்கேயே பேசி முடிவுசெய்துவிட்டு எடுத்து வாருங்கள்.